ஒரு விநாடியில் ஒரு ரெயில் தண்ணீர்!
ஒகேனக்கல்லில் கே.கே. நகர் குடும்பம் போட்ட கணக்கு

"ஏங்க, லீவு போட்டு, ராத்திரி எல்லாம் பஸ்சுல ஆடிக்கிட்டு வந்து, தலையில ஒரு சொட்டு தண்ணி படாம திரும்பணுமா?"

கோபமாகக் கேட்டார் அந்த அம்மாள். கையில் பெரிய பை. பைக்குள் நல்லெண்ணெய் பாட்டில், சீயக்காய், நாலு துண்டு, மாற்றுத் துணி. எதிரே காவிரி!

இடம், தர்மபுரி மாவட்டம் ஒகேனக்கல். காலம், 2024 ஆடி மாதம். வந்திருந்தது சென்னை கே.கே. நகர் குடும்பம். கணவர் ஒரு கம்பெனியில் கிளார்க். மனைவி, 8-ம் வகுப்பு படிக்கும் பையன், வயதான மாமியார் என்று நாலு பேர்.

அருவியில் குளிக்கத் தடை. பரிசல் ஓட்டத் தடை. ஆற்றில் இறங்கத் தடை. எண்ணெய் மாலிஷ் செய்கிறவர்கள் சும்மா உட்கார்ந்து இருந்தார்கள். மீன் வறுக்கும் கடைகளில் கூட்டம் இல்லை.

கிளார்க் பதில் பேசவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புகையும் கல்

ஒகேனக்கல் என்பது கன்னடச் சொல். "ஹொகே" என்றால் புகை. "கல்" நம்ம கல்தான். பாறையில் தண்ணீர் மோதி புகை மாதிரி எழும்புவதால் புகையும் கல்!

குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கும் ஆறு, கர்நாடகத்தைக் கடந்து இங்கேதான் தமிழ்நாட்டுக்குள் பாய்கிறது. மற்ற நாட்களில் பாறைகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து விழும். மெயின் அருவி, சினி பால்ஸ், ஐந்தருவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர்.

ஆனால் அன்றைக்கு அருவி எது, ஆறு எது என்றே தெரியவில்லை. விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர். பாறைகள் எல்லாம் முழுகிவிட்டன. செம்மண் நிறத்தில் ஒரே வெள்ளம். பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கும் கத்த வேண்டி இருந்தது.

"ஒரு கன அடின்னா எவ்வளவுப்பா?" என்று கேட்டான் பையன்.

"28 லிட்டருக்கு கொஞ்சம் மேல. நம்ம வீட்டு பிளாஸ்டிக் குடத்துல ரெண்டு குடம்னு வெச்சுக்கோ."

"அப்போ ஒரு விநாடிக்கு ரெண்டு லட்சம் குடமா!" பையன் வாயைப் பிளந்தான்.

குடம் என்றதும் அம்மாளுக்கு 2019-ம் ஆண்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

மறக்க முடியுமா?

அந்தக் கோடையை சென்னையில் யார் மறப்பார்கள்? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரிகளும் வறண்டு போயின. குழாயில் காற்றுதான் வந்தது. தெருவில் லாரி ஹாரன் கேட்டதும் அடுப்பில் வைத்த பாலைக் கூட மறந்து, குடத்தோடு ஓடினார்கள் பெண்கள். அந்த அம்மாளும் ஓடியவர்தான்.

அப்போதுதான் ரெயிலில் தண்ணீர் வந்தது. 2019 ஜூலை 12-ந் தேதி, ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க ஒரு கூட்டமே திரண்டது.

அந்தத் தண்ணீர் எது தெரியுமா? மேட்டூரில் இருந்து ஜோலார்பேட்டைப் பக்கம் வந்த காவிரிக் கூட்டுக் குடிநீர். அதாவது, ஒகேனக்கல்லில் விழுந்து மேட்டூர் அணைக்குப் போன தண்ணீர்!

பையன் செல்போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தான்.

"அப்பா, இங்க ஒரு விநாடிக்கு 28 லட்சம் லிட்டர் விழுது. அந்த ரெயில் பூரா கொண்டாந்ததே 25 லட்சம்தான்!"

ஒரு ரெயில் தண்ணீர், ஒரே விநாடியில்! அம்மாளின் கோபம் போன இடம் தெரியவில்லை.

போரூர் வரை வரும் காவிரி

ரெயில் மட்டும் அல்ல, தினமும் காவிரி சென்னைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒகேனக்கல் தண்ணீர் நேராக மேட்டூர் போகிறது. 1934-ல் கட்டி முடித்த அணை. நீர்மட்டம் 120 அடி. அங்கிருந்து ஈரோடு, கரூர் வழியாக திருச்சி முக்கொம்பு. அங்கே கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தில் கீழணை. கீழணையில் இருந்து வடவாறு. வடவாற்றில் இருந்து, சோழ ராஜாக்கள் வெட்டிய வீராணம் ஏரி.

2004-ல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது. வடக்குத்தில் சுத்தம் செய்த தண்ணீர், 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடி, கே.கே. நகருக்கு அடுத்தாற்போல் இருக்கும் போரூருக்கு வருகிறது. அங்கிருந்து நகரத்துக் குழாய்களுக்குப் போகிறது. நாள் ஒன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது.

இந்த 18 கோடி லிட்டர், அன்றைக்கு ஒகேனக்கல்லில் ஒரு நிமிட வெள்ளம்தான்!

அதே காவிரிக்கு வறட்சியும் உண்டு. 2023-ல் கர்நாடகத்தில் மழை பொய்த்தது. அக்டோபரில் மேட்டூர் நீர்மட்டம் 30 அடிக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 30-ந் தேதி அதே அணை 120 அடி நிரம்பி வழிந்தது.

"நானே இறங்க மாட்டேன்"

கரையில் பரிசல்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டு இருந்தார் ஒரு பரிசல்காரர்.

"ஒரே ஒரு முக்கு முக்கிட்டு வந்துடறோம். ஓரமா ஒரு இடம் காட்டப்பா" என்று மாமியார் கேட்டார்.

"அம்மா, சின்ன வயசுல இருந்து இந்த ஆத்துலதான் பொழைக்கிறேன். இன்னைக்கு நானே இறங்க மாட்டேன். அடியில பாறை எங்க இருக்கு, சுழல் எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. காசு போனா நாளைக்கு சம்பாதிச்சுக்கலாம்" என்றார் அவர்.

2015-ல் இங்கே பரிசல் கவிழ்ந்து சுற்றுலா வந்தவர்கள் பலியானார்கள். பரிசலில் ஏறுகிறவர்கள் கட்டாயம் லைப் ஜாக்கெட் போட வேண்டும். போட்டோவுக்கு அழகாக இல்லை என்று கழற்றி வைக்கிறவர்களும் உண்டு. ஆற்றுக்குப் போட்டோ தெரியாது!

"எங்க ஜில்லாவுல கிணத்துத் தண்ணி குடிச்சே பல்லெல்லாம் காவி பிடிச்சுப் போச்சு. இப்போ இந்தத் தண்ணிதான் குழாயில வருது. இது எங்களுக்கு சாமி மாதிரி சார். சாமி ஆடும்போது எட்ட நின்னுதான் கும்பிடணும்" என்றார் பரிசல்காரர். தண்ணீரில் புளூரைடு அதிகம் இருந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

மாமியார் அதற்கு மேல் பேசவில்லை. கரையில் நின்றபடியே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

எப்போது போகலாம்?

தர்மபுரியில் இருந்து பென்னாகரம் வழியாக பஸ்சில் 46 கிலோமீட்டர். ரெயிலில் போகிறவர்கள் மொரப்பூரில் இறங்கி தர்மபுரி போகலாம். கிளம்பும் முன்பு ஒரு வேலை செய்யுங்கள். தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் காவிரி நீரை அளக்கிறார்கள். அந்த அளவு பத்திரிகையில் வருகிறது. ஆயிரக்கணக்கில் இருந்து லட்சத்தை நோக்கி ஏறுகிறது என்றால், குளிக்கும் ஆசையை மூட்டை கட்டி வையுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு போனால் குளிக்கலாம். பரிசலில் போகலாம். மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துக் கொடுப்பார்கள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

கே.கே. நகர் குடும்பம் அன்று இரவே பஸ் ஏறியது. எண்ணெய் பாட்டில் உடைக்காமலே வீடு திரும்பியது.

மறுநாள் காலை. பையன் குழாயைத் திறந்து விட்டபடி பல் தேய்த்துக்கொண்டு இருந்தான். சமையல் அறையில் இருந்து அம்மாளின் குரல் கேட்டது.

"குழாயை மூடுடா! ஒகேனக்கல் வீணாப் போகுது!"