தேயிலை இறங்கி வரும் பாதை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்குகளில் தேயிலைப் பெட்டி சுமந்த தமிழர்கள் பலர். மூணாறு மலையில் அந்தத் தேயிலையின் கொழுந்தைக் கிள்ளியவர்களிலும் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்களே. கிள்ளிய கைக்கும் சுமந்த தோளுக்கும் நடுவே கிடக்கிறது சுமார் 130 கிலோ மீட்டர் பாதை. தேனி, போடி, உசிலம்பட்டிப் பக்கம் ஊர் உள்ளவர்களுக்கு இது வீடு திரும்பும் வழியும்கூட.

நீண்ட காலம் 49-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாகக் கொச்சியிலிருந்து தனுஷ்கோடி வரை சென்ற சாலை இது. இப்போது 85 என்ற எண்ணில் மூணாறு, மதுரை வழியாகத் தொண்டிக்குச் செல்கிறது.

பெரியாற்றைத் தாண்டி...

கோதமங்கலம் கடந்ததும் நேரியமங்கலத்தில் பெரியாறு குறுக்கிடுகிறது. கேரளத்தின் மிக நீளமான ஆறு. 244 கிலோ மீட்டர். 1935-இல் திறக்கப்பட்ட வளைவுப் பாலத்தின் மேல் ஏறினால் மறுகரையில் காடும் மலையும்தான். அடிமாலி தாண்டி ஏறினால் மூணாறு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என மூன்று ஆறுகள் கூடுவதால் அந்தப் பெயர்.

தண்ணீர் கொண்டுபோன ரயில்

மூணாற்றில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள். 1902-இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி வந்தது. 1908-இல் குறுகிய பாதையில் நீராவி எஞ்சின் ஓடத் தொடங்கியது. டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போன தேயிலை, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிக்கு வண்டி. அதாவது அன்று தேயிலை போனது கிழக்கே, தமிழ்நாட்டுக்கு.

1924 ஜூலையில் பெருமழை கொட்டியது. மலையாள ஆண்டு 1099 என்பதால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று இன்றும் சொல்வார்கள். ரயில் பாதை அழிந்தது. பூயங்குட்டி, மாங்குளம் வழியாகச் சென்ற பழைய சாலையும் அழிந்தது. ரயில் திரும்பி வரவே இல்லை. நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை போட்டார்கள். கொச்சித் துறைமுகம் வளர, லாரிகளும் பெருக, தேயிலை மேற்கே இறங்கத் தொடங்கியது. 1947-இல் கொச்சியில் தேயிலை ஏலமும் தொடங்கியது.

சாலையில் அமர்ந்த பெண்கள்

2015 செப்டம்பரில் அந்த நெடுஞ்சாலை அசையாமல் நின்றது. தினக்கூலி 232 ரூபாய் பெற்றுவந்த தோட்டப் பெண்கள், போனஸ் 20 சதவிகிதத்திலிருந்து பத்தாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாற்றில் சாலையிலேயே அமர்ந்துவிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் சேர்க்கவில்லை. ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பொருளில் ‘பெம்பிளை ஒருமை’ என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. ஒன்பதாம் நாள் போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவிகிதம் கிடைத்தது. கூலியை 500 ரூபாயாக்கும் கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை.

பெட்டிமுடி

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. விடிந்த பிறகுதான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. வழியில் பெரியவாரைத் தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் பழுதாகியிருந்ததால் மீட்பு வண்டிகள் போய்ச் சேரவும் சிரமப்பட்டன. 70 உயிர்கள் போயின. நான்கு பேரின் உடல் கிடைக்கவேயில்லை. இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு.

1924-இல் ரயிலைக் கொண்டுபோன அதே மழைதான் இங்கும் மலையைக் கரைத்தது. நடுவே 96 ஆண்டுகள். தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் அன்றும் லயத்தில், இன்றும் லயத்தில். வேலை இருக்கும் வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு போக, வேர் அறுந்த பழைய ஊர் ஒன்றுதான் பலருக்கு மிச்சம்.

மூணாறு முதல் போடிமெட்டு வரை சுமார் 42 கிலோ மீட்டர் அகலப்படுத்திய சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. போடிக்கு அகல ரயில் பாதையும் 2023-இல் வந்துவிட்டது. தேயிலைக்கும் சுற்றுலாப் பயணிக்கும் வழி அகலமாகிவிட்டது. கொழுந்து கிள்ளுகிறவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும், மழைக்கு அஞ்சாமல் உறங்க ஒரு கூரையும் கிடைக்கும் வழிதான் இன்னும் குறுகலாகவே கிடக்கிறது.