உங்களுக்குத் தெரியுமா?

பேராயர்களின் தலைமையில் இயங்கிய சபையும், அந்தப் பதவியே இல்லாத சபைகளும் ஒரே திருச்சபையாக இணைந்தது, 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு உலகில் முதன்முதலாகச் சென்னையில்தான்!

நாள்: 1947 செப்டம்பர் 27. இடம்: தூய ஜார்ஜ் பேராலயம். இந்தியா விடுதலை பெற்று 43 நாள்களே ஆகியிருந்தன. ஆங்கிலிகன், மெதடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1908இலேயே சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் அன்று கைகோத்தன. பிறந்தது தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ.

● பேச்சு தொடங்கியது 1919 மே மாதம், தரங்கம்பாடியில். இணைப்புக்கு 28 ஆண்டுகள் பிடித்தன.

● முன்னின்றவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1945 ஜனவரி 1 அன்று மறைந்த அவர், இணைப்பைக் காணவில்லை.

● பெரிய சிக்கல்: பேராயர் கைவைத்து அருட்பொழிவு பெறாத போதகர்களை என்ன செய்வது? மறு அருட்பொழிவு இல்லாமலே அனைவரும் ஏற்கப்பட்டார்கள்.

● கடல் கடந்தும் ஒரு திருமண்டலம் உண்டு: யாழ்ப்பாணம். அதன் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன்.

● திருவிருந்து ஆராதனையில் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் பகிரும் வழக்கத்துக்கு, சி.எஸ்.ஐ. தன் 1950ஆம் ஆண்டு வழிபாட்டு முறையில் இடம் தந்தது. சிரியன் கிறிஸ்தவர்கள் காத்துவந்த பழைய மரபு அது. பின்னர் மற்ற நாட்டுச் சபைகளும் இதைக் கவனித்துக் கைக்கொண்டன.