நீர்ம மின்பகுளி (இலித்தியம் மின்கலம்)

நீர்ம மின்பகுளி என்பது மீள மின்னேற்றத்தக்க மின்கலத்தின் இரு மின்முனைகளுக்கும் இடையே அயனிகள் நகர்வதற்கு வழியாக அமையும் உப்புக்கரைசல் ஆகும். எதிர்மின்னிகள் வெளிச்சுற்றில் மட்டுமே செல்ல வேண்டும் என்பதால், மின்பகுளி அவற்றைக் கடத்தக் கூடாது.

ஒரு முனையில் கடும் ஒடுக்கத்தையும் மறுமுனையில் கடும் ஆக்சிசனேற்றத்தையும் மின்பகுளி ஒருசேரத் தாங்க வேண்டும். நீர் கொள்கையளவில் 1.23 வோல்ட்டிலேயே பிரியக்கூடியது. இலித்தியம் அயனி மின்கலமோ 4 வோல்ட்டை ஒட்டி இயங்குவது. எனவே 1991 இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது முதல், நீரற்ற கரிமக் கரைப்பான்களே இதில் பயன்படுகின்றன.

நிலைப்புத்தன்மை

கரிமக் கரைப்பான்களும் உண்மையில் நிலையானவை அல்ல. முதல் மின்னேற்றத்தின்போது எத்திலீன் கார்பனேட்டு கிராஃபைட்டு முனையில் சிறிதளவு சிதைந்து, மெல்லிய படலமாகப் படிகிறது. அயனிகளை விட்டு எதிர்மின்னிகளைத் தடுக்கும் இப்படலமே மேலும் சிதையாமல் காக்கிறது. ஒரேயொரு மெத்தில் தொகுதி மட்டும் கூடுதலாக உள்ள புரோப்பிலீன் கார்பனேட்டு இவ்வாறு காப்பதில்லை. கிராஃபைட்டின் அடுக்குகளை உரித்துவிடுகிறது.

வழக்கமான உப்பாகிய இலித்தியம் எக்சாபுளோரோபாசுப்பேட்டு ஈரம் பட்டால் அரிக்கும் தன்மையுள்ள ஐதரசன் புளோரைடைத் தருகிறது. இதனால் மின்கலங்களை உலர் அறைகளிலேயே அமைக்க வேண்டும். சென்னை போன்ற கடற்கரை நகரில் இது எளிய செயலன்று. எனினும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தன் இலித்தியம் அயனி மின்கலத் தயாரிப்புக் கூடத்தைச் சென்னைத் தரமணியிலேயே அமைத்தது.

அடுத்த தலைமுறை மின்கலங்களில் கிராஃபைட்டுக்குப் பதில் இலித்தியம் உலோகம் முனையாகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் உலோகம் வளர்ந்து கரைவதால் படலம் வெடிக்கிறது. வெடித்த இடத்தை மூட மின்பகுளி செலவாகிறது. ஊசிபோல் வளரும் உலோகம் எதிர்முனையைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும்; கரைப்பான் எரியக்கூடியதாதலால் தீவிபத்து நேரலாம்.

உப்பு மிகுந்த கரைசல்கள்

தரமணியிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே சென்றால் கேளம்பாக்கம் உப்பளங்களைக் காணலாம். அங்குள்ள பாத்திகளில் உப்பு படியத் தொடங்கும் தறுவாயிலும், ஒரு சோடியம் அயனிக்கு ஏறத்தாழ 9 நீர் மூலக்கூறுகள் இருக்கும். 2015 இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்நாட்டு இராணுவ ஆய்வகத்தினரும் வெளியிட்ட கரைசலில், ஓர் இலித்தியம் அயனிக்கு இருந்தவை மூன்றுக்கும் குறைவு. 1 கிலோகிராம் நீருக்கு ஏறத்தாழ 6 கிலோகிராம் இமைடு வகை உப்பு! இங்குத் தனித்துத் திரியும் நீர் மிகக் குறைவு. உப்பின் எதிரயனியே சிதைந்து இலித்தியம் புளோரைடுப் படலத்தைத் தருகிறது. நிலைப்பு எல்லை ஏறத்தாழ 3 வோல்ட்டாக விரிந்தது.

இவ்வழி கரிமக் கரைப்பான்களிலும் பயனளிக்கிறது. ஆனால் செறிவு கூடக் கூடப் பாகுநிலை மிகுந்து அயனி நகர்வு மந்தமாகும், செலவும் ஏறும். ஆகவே உப்பைக் கரைக்காத புளோரினேற்ற ஈதரைச் சேர்த்துக் கரைசலை இளக்குகின்றனர். உப்பும் கரைப்பானும் நெருங்கிய கொத்துகளாகவே அதனுள் எஞ்சும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, டெக்சாசு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் தமிழரான ஆறுமுகம் மந்திரம் அவர்களின் குழுவும் இத்தகைய மின்பகுளிகளை ஆராய்ந்துள்ளது. புளோரினேற்ற ஈதர்கள் விலை மிக்கவை. சூழலில் எளிதில் சிதையாதவை என்ற குறையும் உண்டு.