பழைய பீங்கானும் லேஸ் விரிப்பும்: சின்ன வீட்டில் ஒரு விருந்து மேஜை

பெண் பார்க்க வருகிறார்கள். அல்லது ஊரிலிருந்து சம்பந்தி வருகிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் குடியிருக்கும் மும்பைத் தமிழருக்கு அன்று கவலை பெரிது. பந்தி போட்டு உபசரிக்கக் கூடம் இல்லை. இருப்பது ஒரு மடக்கு மேஜை. அதை அழகுபடுத்தப் பெரிய பணம் தேவையில்லை. கொஞ்சம் சிரத்தை இருந்தால் போதும்.

பெண்டி பஜாரை ஒட்டிய மட்டன் தெருவில்தான் சோர் பஜார் இருக்கிறது. பெயரைக் கேட்டு மிரளவேண்டாம். இரைச்சலைக் குறிக்கும் 'ஷோர்' என்ற சொல்லே நாளடைவில் 'சோர்' ஆகிவிட்டது என்பார்கள். அங்கே பழைய பீங்கான் தட்டுகளைப் பார்க்கலாம்.

முழு 'செட்' தேடாதீர்கள். ஆறும் ஒரே ஜோடி என்றால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார். ஒற்றையாகக் கிடப்பவைதான் மலிவு. வெள்ளைத் தட்டு, ஓரத்தில் நீலக் கோடு என்று ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பொறுக்குங்கள். பூவேலை வேறுபட்டாலும் மேஜையில் வைத்தால் ஒரே குடும்பம்போல் அமைந்துவிடும். பேரம் பேசத் தயங்கவேண்டாம். அங்கே அதுதான் வழக்கம்.

வாங்குமுன் தட்டை விரல்நுனிகளில் ஏந்தி நகத்தால் சுண்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. 'டொக்' என்றால் விரிசல் இருக்கும். மெருகில் சிலந்திவலைபோல் கோடுகள் ஓடியிருந்தால் எண்ணெயும் கறையும் அதில் புகுந்துகொள்ளும், விட்டுவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது பின்னாலுள்ள விரல் நிழலாடினால் உயர்ந்த பீங்கான், பெரும்பாலும் 'போன் சைனா'. இது மாட்டெலும்புச் சாம்பல் கலந்து செய்வது. ஆசாரம் பார்க்கும் வீட்டார் தெரிந்துகொள்வது நல்லது.

முக்கியமான விஷயம் ஒன்று. பழைய பீங்கானின் மெருகிலும் வர்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும். புளிப்பும் சூடும் பட்டால் அது உணவில் இறங்கும். எனவே ரசம், தயிர், ஊறுகாய் எதுவும் அதில் வேண்டாம். முறுக்கு, லட்டு, உரிக்காத வாழைப்பழம் வைக்கும் தட்டாக இருக்கட்டும். சாப்பாட்டுக்கு நம் எவர்சில்வர் இருக்கவே இருக்கிறது. காபிக் கோப்பைகளைப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

இனி லேஸ். நடைபாதையில் விற்கும் பிளாஸ்டிக் லேஸைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே லேஸை அச்சாகச் செய்யும் இயந்திரம் பரவலாக வரவில்லை. கடையில் குவிந்திருப்பவை அதன் சாயல்தான். துணியைத் திருப்பிப் பாருங்கள். வெட்டிய நூல்முனைகள் தெரிந்தால் இயந்திர வேலை; கண்ணிக்குள் கண்ணி கோத்திருந்தால் கைவேலை.

இந்தக் கலையில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில், 1820-களில், லண்டன் மிஷனைச் சேர்ந்த திருமதி மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். குரோஷே லேஸுக்குப் பேர்போனது ஆந்திரத்தின் நரசாப்பூர் வட்டாரம். மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் அங்கே ஆராய்ந்து 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். இந்தப் பெண்கள் தொழிலாளிகள் அல்ல, ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள் என்று சொல்லிச் சொல்லியே அவர்களுக்கு அற்பக் கூலி கொடுக்கப்பட்டதை அதில் விவரித்தார். லேஸ் வெளிநாடு போயிற்று. லாபம் வியாபாரிக்குப் போயிற்று. ஆகவே தட்டில் மிச்சம் பிடித்த பணத்தை லேஸில் போடுங்கள். கைவேலைக்குக் கேட்ட விலையைக் கொடுங்கள். முழு மேஜைக்கும் கட்டாது என்றால் நடுவில் போட ஒரு நீளத்துண்டு போதும்.

வெறும் பலகைமேல் லேஸ் எடுபடாது. அடியில் அடர்ந்த நிறத்தில் ஒரு பழைய சுங்குடிச் சேலையை மடித்து விரியுங்கள்; கண்ணிக்குக் கண்ணி தெரியும். ஓரம் ஒரு சாண் தொங்கினால் போதும். அதற்குமேல் தொங்கினால் குழந்தை பிடித்து இழுத்துவிடும்.

காபி கொட்டினால் உடனே தண்ணீரில் ஊறவையுங்கள். கறை போகுமுன் இஸ்திரி போட்டால் அது நிலைத்துவிடும். துவைத்தபின் முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, லேசாகக் கஞ்சி போட்டு, பாயில் விரித்து முனைகளைக் குண்டூசியால் குத்திக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் வடிவம் கோணிவிடும்.