தாப்பாவிலிருந்து ஏறும் கிடேரி

தாப்பாவில் இருக்கும் மச்சான் ஒரு சினைக் கிடேரி தருகிறேன் என்றார். அங்கிருந்து நாங்கள் இருக்கும் ரிங்லெட்டுக்கு மலைப்பாதையில் சுமார் 45 கிலோமீட்டர்தான். ஆனால் தாப்பா பேராக், ரிங்லெட் பகாங். "லாரியில ஏத்திக்கிட்டு வந்துடலாம் மாமா, யாரு பாக்கப் போறா?" என்றான் மருமகன்.

1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் கால்நடைச் சேவைத் துறை பார்க்கும். மாடு மாநிலம் மாற அதன் அனுமதி வேண்டும். சும்மா வைத்த கெடுபிடி இல்லை இது.

கன்று வீச்சு நோயான புரூசெல்லோசிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடு பார்வைக்குக் கொழுகொழுவென்று நிற்கும், சினைதான் கலையும். காய்ச்சாத பால் வழியாக நமக்கும் தொற்றும். இதற்கான முதல் சோதனை எளிது. ரத்தத்தில் தெளிந்த நீரில் ஒரு துளி, இளஞ்சிவப்பு மருந்தில் ஒரு துளி; தட்டில் கலந்து ஆட்டினால், நோய்பட்ட மாடாக இருந்தால் நான்கே நிமிடத்தில் திரிந்த பால்போலத் திரளும். அப்புறம் வேறு சோதனையில் உறுதி செய்வார்கள். காசநோய்க்கோ ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இதுதான் எரிச்சல்!

கோமாரி இரண்டு வாரம் வரை வெளியே தெரியாமல் இருக்கும். சபா, சரவாக் இரண்டும் அந்த நோய் இல்லாத பகுதிகள். தீபகற்பத்துக்கு அந்தப் பெயர் இல்லை. 2021இல் தோல் கழலை நோயும் இங்கே வந்துவிட்டது. கடிக்கும் ஈயும் கொசுவும் பரப்பும் நோய் அது. நோய்பட்ட மாட்டை லாரியில் ஏற்றினால் நோயும் ஒரே நாளில் மலையேறிவிடும்.

மாடு வாங்குகிறவர்கள் விலை பேசுமுன் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.