பழவேற்காட்டில் ஓர் உலா

திருவள்ளூர் மாவட்டத்தின் கீழ்க்கரையில், ஆரணியாறு கடலை அணுகும் இடத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. பொன்னேரியிலிருந்து அங்குச் செல்லும் வழி ஏறத்தாழ 18 கிலோமீட்டர். ஆறு கொணர்ந்த வண்டல் படிந்த சமவெளி அஃது. ஆதலின், மிதிவண்டி ஓட்டப் புதிதாகக் கற்றோரும் பெருங்களைப்பின்றிச் செல்லலாம். டச்சுக்காரர் 1613-இல் எழுப்பிய கோட்டை அங்கு இடிந்து கிடக்கிறது. அவர்தம் கல்லறைகளே காணத்தக்கவை.

ஊரையொட்டிய ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்துப் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. குளிர்காலத்தில் வரும் பூநாரைகள் நீரில் நின்றபடியே இரை தேடும். அவ்வளவு ஆழம் குறைந்தது. புதியோரை ஏமாற்றுவதும் இத்தோற்றமே.

ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரம் குறுகியது. ஓதம் வற்றுங்கால் ஏரிநீர் அவ்வழியே விரைந்து வெளியேறும். சிறு துடுப்புப் படகையும் கடல்நோக்கி இழுக்கும். ஏறத்தாழ ஆறு மணிக்கு ஒருமுறை நீரோட்டத்தின் திசை மாறும்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய படகொன்று இங்குக் கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்கள் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை.

மாணவர்களே, இங்குப் படகு செலுத்த இசைவு உண்டா என்பதை முதலில் காவல் நிலையத்தில் கேட்டறிதல் வேண்டும். பின்னர், மிதவைச் சட்டை அணிந்து, முகத்துவாரத்திற்கு எதிர்த்திசையில், நீரோட்டத்தை எதிர்த்தே புறப்படுக. கைகள் சோர்ந்து திரும்பும்பொழுது ஓடும் நீரே படகைக் கரைசேர்க்க உதவும். ஓதம் திரும்பும் வேளையை அங்குள்ள மீனவப் பெரியவர்கள் நன்கறிவர்.