இரண்டாவது முறை ஏன் சீக்கிரம் திறக்கிறது?

மாணவர்களே, வீட்டிலோ பள்ளிக் கணினிக் கூடத்திலோ வன்தட்டு உள்ள பழைய கணினி இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துக் கணினியை மீண்டும் தொடங்குங்கள். அதன் இரைச்சல் அடங்கும்வரை இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு பெரிய மென்பொருள் ஒன்றைத் திறந்து, எத்தனை விநாடி ஆகிறது என்று கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அதை மூடிவிட்டு உடனே இன்னொரு முறை திறந்து பாருங்கள். இரண்டாவது முறை பெரும்பாலும் பாதி நேரம்கூட ஆகாது. அதே கணினி, அதே மென்பொருள். எது மாறியது?

விடை தெரிய வேண்டுமானால் முதலில் வன்தட்டின் சிரமத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கின்றன. ஒரு தகவலைப் படிக்க, மெல்லிய கை ஒன்று நகர்ந்து சரியான தடத்திற்குப் போக வேண்டும். அதற்குச் சுமார் 9 மில்லிவிநாடி. பிறகு, வேண்டிய இடம் சுழன்று வரும்வரை கை காத்திருக்க வேண்டும். 7,200 சுற்றுக்கு 60 விநாடி என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க நேரும் என்பதால் 4 மில்லிவிநாடிக்குச் சற்றுக் கூடுதல். மொத்தம் ஏறக்குறைய 13 மில்லிவிநாடி.

கண் இமைக்கும் நேரத்தைவிட இது குறைவுதானே என்று தோன்றும். ஆனால் கணினியின் ‘ரேம்’ நினைவகம் எவ்வளவு வேகமானது தெரியுமா? ஒரு விநாடியைக் கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு நேரத்தில் தகவலை எடுத்துக் கொடுத்துவிடும். நினைவகத்திற்கு ஆகும் நேரத்தை ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், வன்தட்டுக்கு ஆகும் நேரம் ஒன்றரை நாள்! செயலி அத்தனை நேரம் கைகட்டிக் காத்திருக்கிறது.

இந்தக் காத்திருப்பைக் குறைப்பதுதான் கேஷ். மறைத்து வைப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தமிழில் பதுக்கு நினைவகம் என்றும் சொல்வதுண்டு. எனக்குப் பிடித்த சொல் அதுதான். வன்தட்டிலிருந்து ஒருமுறை எடுத்த தகவலைத் தூக்கி எறியாமல், ரேமில் ஒரு பகுதியில் கேஷ் மென்பொருள் பதுக்கி வைக்கிறது. அடுத்த முறை கேட்டால் அங்கிருந்தே கொடுத்துவிடுகிறது. உணவுக்கடையில் தே தாரிக் கலக்குபவரைக் கவனித்திருப்பீர்களே! பால் டின்னும் சீனியும் கை எட்டும் தூரத்தில் இருக்கும். மீதி டின்கள் பின்னால் சரக்கறையில். ஒவ்வொரு கோப்பைக்கும் அவர் சரக்கறைக்கு நடந்தால் நமக்குத் தேநீர் கிடைத்த மாதிரிதான்.

ரேமில் இடம் குறைவு. நிறைந்துவிட்டால் எதை வெளியே தள்ளுவது? நீண்ட நேரமாக யாரும் கேட்காத தகவலைத் தள்ளு என்பதே பழைய, எளிய விதி. இப்போது கேட்ட ஒன்றைச் சற்று நேரத்தில் மீண்டும் கேட்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் இந்த விதி நன்றாகவே வேலை செய்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் முறை தகவல் கேட்கிறீர்கள். எல்லாவற்றிற்கும் வன்தட்டுக்கே போனால் 13 விநாடி. 900 முறை கேஷிலேயே கிடைத்தால் மீதி 100 முறைக்கு 1.3 விநாடி. 990 முறை கிடைத்தால் 0.13 விநாடிதான். 90 விழுக்காடு 99 ஆகும்போது வேகம் பத்து மடங்கு கூடுகிறது. கடைசி ஒன்பது விழுக்காட்டுக்கு அவ்வளவு மதிப்பு!

1990களின் தொடக்கத்தில் எம்எஸ்-டாஸ் கணினி வைத்திருந்தவர்கள் ‘ஸ்மார்ட்டிரைவ்’ என்ற கேஷ் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். மொத்தமே 4 மெகாபைட் ரேம் உள்ள கணினியில் 1 மெகாபைட்டை அதற்கு விட்டுக்கொடுப்பது பெரிய முடிவு. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் சும்மா கிடக்கும் ரேமைத் தாமாகவே கேஷாக்கிக்கொள்கின்றன. விண்டோஸில் ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து, நினைவகப் பகுதியில் ‘கேஷ்ட்’ என்ற எண்ணைப் பாருங்கள். ஆகவே, ‘ரேமைக் காலி செய்து வேகம் கூட்டுகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நம்பி இறக்காதீர்கள். கேஷையும் சேர்த்துக் காலி செய்தால் கணினி மறுபடியும் வன்தட்டுக்கே ஓட வேண்டியிருக்கும்.

இதுவரை படிப்பதைப் பற்றிப் பேசினோம். எழுதுவதில்தான் வம்பு. நீங்கள் ‘சேவ்’ கொடுத்ததும் கேஷ் அந்தத் தகவலை ரேமில் வாங்கிக்கொண்டு, ‘சேமித்தாயிற்று’ என்று சொல்லிவிடும். வன்தட்டில் எழுதுவது பிறகுதான். அடுக்குமாடி மின்தூக்கி, பொத்தானை அமுக்கிய வரிசையில் போகாமல் மாடி வரிசையில் நிற்பதுபோல, கேஷும் பல தகவல்களைச் சேர்த்துத் தட வரிசைப்படி எழுதுகிறது. கை அலைவது குறைகிறது. ஆனால் இடையில் மின்சாரம் போனால்? ரேமில் இருந்தது அத்தனையும் அழிந்துவிடும்.

இது நடந்த கதை. 1993இல் எம்எஸ்-டாஸ் 6.0 வந்தபோது, வேலை முடிந்ததாக நினைத்துக் கணினியை உடனே அணைத்தவர்கள் சிலர் தகவல்களை இழந்தார்கள். அதே ஆண்டு வந்த 6.2 பதிப்பில், கேஷில் உள்ளதை எழுதி முடித்த பிறகே அடுத்த கட்டளைக்கு இடம் தரும்படி ஸ்மார்ட்டிரைவை மாற்றினார்கள்.

எனக்கும் ஒருமுறை பட்டது. நண்பர் வீட்டுக் கணினியில், மறுநாள் ஒப்படைக்க வேண்டிய இடுபணியை விரலியில் நகலெடுத்தேன். திரையில் முடிந்ததாகக் காட்டியது. விரலியின் விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை, வெடுக்கென்று பிடுங்கினேன். வீட்டில் திறந்தால் கோப்பின் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அன்றிரவு தூங்கவில்லை.

2018இல் விண்டோஸ் 10இன் ஒரு பதிப்பு, வெளியே இணைக்கும் சேமிப்புக் கருவிகளுக்கு எழுதும் கேஷைத் தொடக்கத்திலேயே நிறுத்தி வைத்தது. வேகம் சற்றுக் குறைந்தாலும் தகவல் தப்பும். எல்லாக் கணினிகளிலும் அப்படி இருக்காது. ‘இஜெக்ட்’ பொத்தானை அமுக்கும்போது, ரேமில் பதுக்கியதை எல்லாம் இப்போதே எழுதி முடி என்று கணினிக்குக் கட்டளை இடுகிறீர்கள். அது ‘இன்னும் பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுத்தால், திறந்திருக்கும் கோப்பை மூடிவிட்டு, விளக்கு மினுக்குவது நிற்கும்வரை காத்திருந்து, மறுபடியும் அமுக்குங்கள்.